கேமரா மேலே போன மத்தியானம்

"செத்துட்டான்னு எழுதுறதுக்கு ரெண்டு சாட்சி போதும்டா, உசுரோட இருக்கான்னு எழுதணும்னா..." என்று பெரியப்பா ஒருநாள் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னது சபாநடேசனுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. பெரியப்பா நகராட்சியில் பிறப்பு இறப்பு எழுதுகிற நாற்காலியில் உட்கார்ந்தே நரைத்தவர். அன்றைக்கு யார் மேலோ கடுங்கோபத்தில் இருந்தார். 'எழுதணும்னா' என்பதற்குப் பிறகு எத்தனை சாட்சி வேண்டும் என்றாரா, அது யாராலும் ஆகாது என்றாரா, இல்லை மோருக்குக் கையைக் குவித்துவிட்டாரா என்பதெல்லாம், தோஹாவில் ஒரு கட்டடக் கம்பெனிக்காக இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு எச்சரிக்கைப் பலகைகள் எழுதிக்கொண்டு சபாநடேசன் கழித்த வருஷங்களில் எங்கேயோ கரைந்துபோய்விட்டது.

ஐம்பதை நெருங்குகிற வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, சினிமாவுக்கும் டிவிக்கும் கதை எழுதக் கற்றுக்கொள்வதென்று சபாநடேசன் சென்னைக்குத் திரும்பினார். இரண்டு மொழியில் படித்தவர், இரண்டிலும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். சாலிகிராமத்தில் ஒரு மெஸ்ஸுக்கு மேல்மாடியில் எழில்பரணி என்பவர் நடத்திய திரைக்கதை வகுப்பில் சேர்ந்தார். பரணி, 'பவளமல்லி இல்லம்' என்ற மெகா சீரியலின் கதை இலாகாவுக்குத் தலைவர். மாணவர்கள் எழுதிப் பழகுவதும் அந்த சீரியலுக்குத்தான். கீழேயிருந்து வத்தக்குழம்பு வாசனை ஏற ஏற, மேலே அவர் பாடம் சொல்லுவார்: "அழுகையை வசனத்துல வைக்காதே, வசனத்துக்கு நடுவுல வை. சாவை முகத்துல முடிக்காதே, பொருள்ல முடி. முகம் மறந்துடும், பொருள் நிக்கும்."

அந்த சீரியலில் அபிராமி அம்மா என்று ஒரு தாய் இருந்தாள். அவளுடைய சாவை எழுதும் வேலை சபாநடேசனுக்கு வந்தது. பாடத்தில் சொன்னபடியே எழுதினார். தாய் கண்ணை மூடுகிறாள், கேமரா அவள் முகத்திலிருந்து மெல்ல மெல்ல மேலே எழும்பி, கூடத்தில் தொங்குகிற தூண்டாமணி விளக்கில் போய் நிற்கிறது, சுடர் அணைகிறது. டைரக்டர் படித்துப் பார்த்து, "சார், கல்ஃப் ரிட்டன்னா சும்மாவா!" என்று தோளில் தட்டி, அந்த ஒரு ஷாட்டுக்காகவே கிரேன் வரவழைத்தார்.

சாலிகிராமத்தில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. செத்ததுபோல நடித்தவர், அந்தச் சாவு ஒட்டிக்கொள்ளாமலிருக்க, ஷாட் முடிந்ததும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பையும் கேமரா பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் படத்தில் சேர்ப்பதில்லை, ஆனால் எடுக்காமல் யாரும் விடுவதுமில்லை. அன்றைக்கு விட்டுப்போனது. கேமரா விளக்குக்குப் பக்கத்தில் கூரையோடு கூரையாக இருந்தது, டைரக்டர் கட் சொன்னார், எல்லோரும் அண்ணாந்து விளக்கைப் பார்த்துக் கை தட்டினார்கள், யாரோ "சாப்பாட்டு பிரேக்" என்று கத்தினார்கள். அபிராமி அம்மாவாக நடித்த சௌந்தரவல்லி வழக்கப்படி கண்ணைத் திறந்து, கேமரா இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்த இடத்தில் ஒரு காலி நாற்காலிதான் இருந்தது.

அந்த எபிசோட் டிவியில் வந்த சாயந்திரம் சௌந்தரவல்லி கே.கே. நகரில் இருந்த தன் வீட்டுக்கு வந்தபோது, ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆம்பிளைகள் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் உள்ளே போக வழிவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டார்கள், ஒருவர் எழுந்து கும்பிடவும் செய்தார். வீட்டுக்குள்ளே அவளுடைய கல்யாண போட்டோவிலிருந்து புருஷனை வெட்டியெடுத்துவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கி, சந்தன மாலை போட்டு, சீரியல் விளக்கு சுற்றி, ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள். அவளுடைய புருஷன் தணிகாசலம், கேஸ் ஏஜென்சியில் வேலை பார்க்கிறவன், கல்யாணமான நாளிலிருந்து அவளை 'ஏய்' என்பதற்கு மேல் ஒரு சொல்லால் கூப்பிட்டறியாதவன், போட்டோவுக்கு முன்னால் நின்று, "தெய்வமே, என்ன இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டியே" என்று அழுதான்.

"என்னய்யா பண்றே, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள் சௌந்தரவல்லி.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான், நன்றாகத்தான் பார்த்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நீ இங்கதான் இருப்பேன்னு எனக்குத் தெரியாதா? எங்கயும் போகமாட்டே. கூட இருந்து எங்களப் பாத்துக்க. அப்படியே வந்தவங்களுக்கு ஒரு காப்பி போடு."

இப்படித்தான் அது ஆரம்பித்தது, யாரும் அதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. டிவியில் வந்தது வந்ததுதான், அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று இருந்துவிட்டார்கள். அவளைப் பார்க்க முடியாமல் போய்விடவில்லை, எல்லோருக்கும் அவள் கண்ணுக்குத் தெரிந்தாள், பேசினால் காதில் விழுந்தது, ஆனால் செத்தவள் பேசினால் எப்படிக் கேட்டுக்கொள்வார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு மட்டும் டிக்கெட் கிழிக்காமல் தாண்டிப் போனார். ரேஷன் கடையில், "போனவங்களுக்கு சர்க்கரை கிடையாதும்மா" என்று அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். கோயிலில் அவள் தன் பெயருக்கு அர்ச்சனை கேட்டபோது குருக்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்து, "அர்ச்சனை ஆகாது, திதி கொடுக்கச் சொல்லுங்கோ ஆத்துல" என்றார். மஞ்சள் குங்குமத்தோடு போய்ச்சேர்ந்த சுமங்கலி என்று பக்கத்து பிளாக் பெண்கள் கல்யாணமாகாத மகள்களைக் கூட்டிவந்து அவள் காலில் விழவைத்தார்கள், ரவிக்கைத்துணியும் வளையலும் வைத்தார்கள். "உசுரோட இருந்தப்ப ஒரு கரண்டி தோசைமாவு கேட்டா கதவச் சாத்துனவளுங்க, இப்ப எனக்குப் பட்டுப்புடவை வெக்கிறாளுங்க" என்று அவள் சொன்னதற்கு, "அம்மா வாக்கு சொல்லிட்டாங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வேலை மட்டும் ஒன்றும் குறையவில்லை. விடிந்தால் அவள்தான் அடுப்பு மூட்டினாள், அவள்தான் தண்ணீர் பிடித்தாள். மகள் ஹரிணி அம்மா சுட்டுப்போட்ட தோசையை முதலில் போட்டோவுக்குப் படைத்துவிட்டு, பிறகு தான் தின்று, "எங்கம்மா கைப்பக்குவம் இனிமே வருமா" என்று ஸ்டேட்டஸ் போட்டாள்.

சௌந்தரவல்லி ஒருநாள் மெஸ் மாடிப்படியைத் தடதடவென்று ஏறி வந்தாள். வகுப்பில் அவளுடைய சாவைத்தான் உதாரணமாக வைத்துப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் 'தாய்' என்று எழுதி வட்டம் போட்டு, அதிலிருந்து நாலு பக்கமும் அம்புக்குறி இழுத்திருந்தார் பரணி.

"யார்யா என்னை எழுதுனது?" என்றாள்.

சபாநடேசன் எழுந்து நின்றார். எழுந்தபோது தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டதை அப்புறம்தான் கவனித்தார், காது சுட்டது.

"செருப்பப் போடுங்க சார் முதல்ல" என்றாள் அவள். "நீங்கதானே சாகடிச்சது? எந்திரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க. நான் சிரிச்சேன், அதைப் புடிக்கல. இப்ப வேணா சிரிக்கிறேன், புடிச்சு டிவில போடச் சொல்லுங்க."

பரணி சாக்பீஸைக் கீழே வைக்காமலே சிரித்தார். "வல்லிம்மா, உட்காருங்க, காப்பி சொல்றேன். கோபப்படாதீங்க. உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம் தெரியுமா? நீங்க நடிச்சுக்கிட்டிருந்தப்ப வந்த ரேட்டிங்கைவிட, சீரியல் கூடத்துல மாலை போட்டு மாட்டியிருக்கிற உங்க போட்டோவுக்கு ரேட்டிங் ஜாஸ்தி. சானல்ல உங்க போட்டோவக் கழட்டவே கூடாதுன்னுட்டாங்க. இந்த மாதிரி ஒரு கேரக்டர் யாருக்கு அமையும்?"

"நான் கேரக்டர் இல்ல."

"பாத்தீங்களா, இதான் நல்ல நடிகைக்கு அடையாளம்" என்று மாணவர்களைப் பார்த்துச் சொன்னார் பரணி. அவர்களில் ஒருவன் அதைக் குறித்துக்கொண்டான். இன்னொருத்தன் கையைத் தூக்கி, செத்தவர் கோபப்பட்டால் அனுதாபம் குறையுமா என்று சந்தேகம் கேட்டான். "குறையும்" என்றார் பரணி. "செத்த தாய்க்குக் கோபம் வரவே கூடாது. வந்தா பேய்ப்படம்."

சபாநடேசன், அங்கே பேசுவதற்குப் பதில் எழுதலாம் என்று நினைத்தார். அறைக்குப் போய் உட்கார்ந்து, கற்றுக்கொண்ட வித்தையெல்லாம் போட்டு ஒரு காட்சி எழுதினார். மாலை அறுந்து விழுகிறது, தாய் வாசலில் நிற்கிறாள், மகள் "அம்மா" என்று ஓடிவருகிறாள், புருஷன் காலில் விழுகிறான், தாய் எல்லோரையும் அணைத்துக்கொண்டு "சாப்பிட்டீங்களா" என்கிறாள், விளக்கு தானாக எரிகிறது. எழுதும்போது அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போனார்.

அன்றைக்கு அங்கே பூப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலத்தின் அக்கா அங்கயற்கண்ணி ஊரிலிருந்து வந்திருந்தாள். வயசுப்பெண் இருக்கிற வீடு, ஒரு பொம்பளைத் துணை இல்லாமல் எப்படி என்று தம்பிக்கு அவளே ஒரு பெண்ணும் பார்த்துவைத்திருந்தாள். மூத்தவளிடம் உத்தரவு கேட்காமல் செய்யக்கூடாதென்று, போட்டோவின் இரண்டு பக்கமும் பூவை ஒட்டவைத்து, எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். வலதுபக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம்.

"எனக்குச் சம்மதம் இல்லை" என்றாள் சௌந்தரவல்லி, போட்டோவுக்குப் பக்கத்திலேயே நின்று.

"தாயே, வாய்விட்டுச் சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டு உருகினாள் நாத்தனார்.

"வாய்விட்டுத்தாண்டி சொல்றேன். கண்ணத் தொற. சம்மதம் இல்ல, சம்மதம் இல்ல, சம்மதம் இல்ல!"

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வலதுபக்கத்துப் பூ விழுந்தது. "ஆகா, மனசார உத்தரவு குடுத்துட்டாடா!" என்று அங்கயற்கண்ணி குலவையிட்டாள். தணிகாசலம் போட்டோவுக்கு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, திரும்பி, சௌந்தரவல்லியின் கழுத்தைப் பார்த்துச் சொன்னான்: "அந்தத் தாலியையே அழிச்சுப் புதுசாச் செஞ்சுக்கலாம்க்கா. அவ நினைவா இருக்கும்."

சபாநடேசன் காகிதத்தை அவளிடம் நீட்டினார். அவள் அடுப்படி வாசலில் நின்றபடியே படித்தாள், படித்துக்கொண்டே போனவள் முகம் கறுத்தது, கடைசித் தாளைப் படித்து முடித்ததும் அத்தனையையும் நாலாகக் கிழித்து அவர் நெஞ்சிலேயே எறிந்தாள்.

"யாரு கேட்டா சார் இத? அவன் காலில விழுந்தா போதுமா எனக்கு? மக ஓடியாந்து கட்டிப்புடிச்சா போதுமா? கடைசில 'சாப்பிட்டீங்களா'ன்னு நான் கேக்கணும்! அவங்க என்னக் கொன்னாங்க, நீங்க என்னத் திரும்பவும் அடுப்படிக்கு அனுப்புறீங்க. உங்க கதைல நான் செத்தாலும் சோறு போடணும், பொழைச்சாலும் சோறு போடணும். படிச்ச ஆளுதானே நீங்க?"

"பின்ன... உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"பஸ்ஸுல எனக்கு டிக்கெட் கிழிக்கணும்" என்றாள் அவள். "என்கிட்ட ஒருத்தன் சில்லறை இல்லையான்னு சண்டை போடணும். நான் திருப்பிச் சண்டை போடணும். நான் கோவப்பட்டா அது கோவமா இருக்கணும், வாக்கா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். இத எழுதத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, அவர் கிழிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளே பரணி அவரைக் கூப்பிட்டனுப்பினார். சானலில் முடிவாகிவிட்டதாம், பவளமல்லி இல்லத்தில் அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம், அபிராமி அம்மாவின் போட்டோவுக்கு முன்னாலேயே தாலி ஏறவேண்டும், போட்டோவிலிருந்து ஒரு பூ விழுந்து ஆசீர்வதிக்கவேண்டும். "சாவை எழுதின கைதான் கல்யாணத்தையும் எழுதணும். நாளைக்குக் காலைல ஷூட்டிங். காட்சியை நேரா செட்டுக்குக் கொண்டாந்துடுங்க. போட்டோவக் கொச்சைப்படுத்துற மாதிரி ஒரு வரி வந்துச்சுன்னு வையுங்க, இந்தத் தெருவுல உங்களுக்குப் பேனாகூட யாரும் இரவல் தரமாட்டாங்க. புரியுதா சார்?"

சபாநடேசனுக்குப் புரிந்தது. அது டிவியில் வந்த அன்றைக்கே கே.கே. நகரில் ஷாமியானா மறுபடியும் ஏறும், இந்தத் தடவை வாழைமரத்தோடு, அவள் கழுத்திலிருப்பது தட்டான் உலைக்குப் போகும், அதற்கப்புறம் அவளை எந்தக் காட்சியாலும் எழுப்ப முடியாது. கீழே இறங்கிவந்து மெஸ் வாசலில் நின்றார். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஏதாவது ஒன்றைத் தூக்கிப்போட்டு உடைக்கவேண்டும்போல இருந்தது. நடைபாதையில் கிடந்த ஒரு காலி பெயின்ட் டப்பாவை எட்டி உதைத்தார். அது உருண்டுபோய் பஸ் நிறுத்தத்தில் நின்றது. அங்கே சௌந்தரவல்லி இருந்தாள், அவளை ஏற்றிக்கொள்ளாமல் போன பஸ்ஸைத் திட்டிக்கொண்டு.

"கேள்விப்பட்டேன்" என்றாள். "மேக்கப்மேன் சொன்னான். என் புருஷனோட ரெண்டாம் கல்யாணத்த நீங்கதான் எழுதுறீங்களாமே."

"நான் எழுதலேன்னா வேற ஒருத்தன் எழுதுவான்மா. மாடில பத்துப் பேர் பேனாவத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"அதனால?"

"அதனால நீங்க சொல்லுங்க" என்றார் சபாநடேசன். தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவருக்குத் தெரியாது. நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த வீட்டுல எல்லாரும் கூடியிருக்கிறப்ப என்ன சொல்லணுமோ அதச் சொல்லுங்க. நான் ஒண்ணும் அழகு பண்ணல. ஒண்ணும் சேர்க்கல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிறுத்தத்துத் திண்டில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள், போகிற வருகிற பஸ் சத்தத்துக்கு மேலே போகிற குரலில், முன்னே மேடை நாடகத்தில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகிய குரலில் சொன்னாள்:

"நான் சாகல. நான் அடுப்படியிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க தின்னது நான் சுட்ட தோசை. என் பேரு சௌந்தரவல்லி. தெய்வம்னு கூப்பிட்ட வாயால ஒருதடவை என் பேரச் சொல்லு. நான் இல்லேன்னா இவ்வளவு பாசம் வருதே, நான் இருந்தப்ப அத எங்கடா வெச்சிருந்தீங்க? பூ சொல்றத நம்புவே, நான் சொல்றத நம்பமாட்டியா? தாலி என் கழுத்துல கிடக்கு, வேணாம்னா நானே கழட்டி வெப்பேன், நீ கைய வெக்காத. இந்த வீடு எனக்கு வேணாம். ஆனா போறதா இருந்தா நான் நடந்து போவேன். நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போகக் கூடாது."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவள் ஒரு மூச்சு விடுவதற்காக நிறுத்தினாள், மறுபடி ஆரம்பித்தாள், அழவில்லை, ஒரு இடத்தில்கூட அழவில்லை. கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "யாரும்மா அது, இந்தச் சத்தம் போடுறது?" என்று எரிந்துவிழுந்தார். சௌந்தரவல்லி அவர் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவ இதே மாதிரி எரிஞ்சுவிழுந்து கேளுங்க" என்றாள். அவர் கேட்கவில்லை, ஆளை அடையாளம் தெரிந்து கும்பிட்டுவிட்டார்.

"பாத்தீங்களா" என்றாள் அவள் சபாநடேசனிடம். "அது சரி, இத எழுதி என்ன பண்ணப் போறீங்க? நான்தான் அந்தக் காட்சியிலயே கிடையாதே. போட்டோ எப்படிப் பேசும்?"

அவர் தாள்களை அடுக்கிக்கொண்டே யோசித்தார். பவளமல்லி இல்லத்தில் யாரும் வசனத்தைப் பாடம் பண்ணி அவர் பார்த்ததில்லை. காட்சித்தாள் சூடாக வந்து இறங்கும், படித்துப்பார்க்க டைரக்டருக்கே நேரம் இருக்காது, கேமராவுக்குப் பின்னால் உதவி டைரக்டர் ஒருவர் தாளைப் பார்த்து உரக்க வாசிப்பார், நடிகர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, வந்து விழுகிற சொல்லை அப்படியே வாங்கி, அதற்கு ஒரு முகத்தை மட்டும் சேர்த்துத் திருப்பிச் சொல்வார்கள். என்ன சொன்னோம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எடுத்த மறு சாயந்திரம் அது ஒளிபரப்பாகிவிடும், சானலிலும் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒருதடவை உதவி டைரக்டர் வாசிக்கிற வாக்கில் "ஃபோன வைடா, இங்க ஷூட்டிங்" என்று யாரையோ திட்ட, மாமியாராக நடித்த அம்மாள் அதையும் கண்கலங்கிச் சொல்லி, அது டிவியிலும் வந்துவிட்டது.

"நீங்க வேணாம்மா" என்றார். "மத்தவங்க எல்லாரும் இருக்காங்கள்ல."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது, "உங்களுக்கு அப்புறம் இங்க வேலையே கிடைக்காது சார்" என்றாள்.

அடுத்த பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவளைத் தாண்டிப் பின்னால் இருந்தவரிடம் கை நீட்டினார். அவள் படியில் கால்வைத்தபடி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "எனக்கும் கிழிய்யா!" என்று கத்தினாள். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு அந்தக் கத்தலோடேயே போனது.

மறுநாள் காலை எடுக்கவேண்டிய கல்யாணக் காட்சியில், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நாத்தனாருக்கும் மகளுக்கும் தாலி எடுத்துக் கொடுக்கிற ஐயருக்கும், சௌந்தரவல்லி சொன்னதையே ஒரு சொல் மாற்றாமல் வசனமாகப் பிரித்து எழுதிக் கொடுப்பதென்று சபாநடேசன் முடிவு செய்தார்; டிவியில் வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் சாட்சி கேட்பதில்லையே.